மூச்சு எடுக்கும் இடங்கள்

தன்னால் ஒரு வரியைக்கூடச் சுருதி விலகாமல் பாட முடியாத ஒருவர், ஒரு பாட்டை அதைப் பாடுகிறவர்களைவிட நன்றாக அறிந்திருக்க முடியுமா? இராமநாதனை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. நீந்தத் தெரியாத ஒருவர் ஆற்றின் ஆழத்தை அளந்து சொல்லலாம். அதை யாரும் தப்பென்று சொல்வதில்லை. ஆனால் ஆழத்தை அளப்பதும் ஆற்றை அறிவதும் ஒன்றுதானா என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது.

இராமநாதன் கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் படவரைஞர். காணிகளும் மலைகளும் அவர் மேசையில் கோடுகளாக வந்து கோடுகளாகவே போகும். சாவகச்சேரிக்காரர். மூன்று வருட இடமாற்றம் என்று வந்தது இருபத்தாறு வருடமாகி, கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டில் நிலைத்துவிட்டது. மனைவி பத்மாதேவி பாடசாலை ஆசிரியை. சனிக்கிழமைகளில் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறவர்.

தன் குரலைப் பற்றி இராமநாதனுக்கு மயக்கம் எதுவும் இருக்கவில்லை. கோயிலில் தேவாரம் படிக்கும்போது உதட்டை மட்டும் அசைப்பார்.

"இவர் வாயைத் திறந்தால் மூலஸ்தானத்திலை இருக்கிறவரே எழும்பிப் போயிடுவார்" என்று பத்மாதேவி எல்லோர் முன்னிலையிலும் சொல்வார்.

"அவர் இருப்பார். எழும்பிப் போறது நீர்தான்" என்பார் இராமநாதன், சிரிக்காமல்.

எங்கள் குழு கட்டுகஸ்தோட்டையில் ஒரு தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூடும். இருபத்துநாலு பேர். கிறிஸ்தவர்கள் அதிகம், சைவர்களும் சிங்களவர் சிலரும் உண்டு. மனைவியைக் கூட்டிவந்து கூட்டிப்போவது இராமநாதனின் வேலை. இடையில் இரண்டு மணித்தியாலம் பின்சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். பதினொரு வருடம் அப்படி இருந்தார். பத்திரிகை வாசிப்பதில்லை, கைபேசியைப் பார்ப்பதில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

குழுவை நடத்துகிறவர் சர்மிளா. பிலிமத்தலாவையில் வளர்ந்தவர், மேலைத்தேய இசை கற்பிக்கும் ஆசிரியை. போட்டோக் கொப்பிகள் மங்கிப்போய், பாடுகிறவர்கள் புள்ளி எது கறை எது என்று சண்டை பிடித்த ஒரு நாளில் அவர் இராமநாதனைப் பார்த்து, "சேர், உங்க கைதான் படம் கீறுற கையாச்சே, இதக் கொஞ்சம் சுத்தமா எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை வந்த தாள்கள் அச்சடித்ததைவிட அழகாக இருந்தன. அதன்பின் எல்லாவற்றையும் அவரே பிரதி செய்தார். அப்படித்தான் அவர் இசைக்குறிகளைக் கற்றார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை எழுதியதைக் கண் புரிந்துகொண்டது.

நாலு வருடங்களுக்கு முன் சர்மிளா ஒரு மத்ரிகல் கொண்டுவந்தார். ஏறத்தாழ நானூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில், ஐந்தாறு பேர் ஓர் அறையில் கூடிப் பாடுவதற்காக இப்படிப்பட்ட பாட்டுகளை எழுதினார்கள். இதில் ஐந்து குரல்கள், அவற்றைக் கீழிருந்து தாங்க, பியானோவுக்கு முந்திய ஒரு நரம்பு விசைக்கருவி. போகிறவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேனா என்று ஒருவன் கேட்கிறான். அவ்வளவுதான் கதை. ஐந்து குரல்களும் ஒன்றோடொன்று உரசி, விலகி, மறுபடி உரசி அந்த ஒரே கேள்வியை ஏழு நிமிடம் கேட்கும்.

அந்தத் தாங்குகிற பகுதியை வாசிக்க மண்டபத்தில் இருந்தது ஒரு பியானோ. அன்று அதன் மூடியைத் திறந்தபோது உள்ளே பாதியைக் கறையான் தின்று முடித்திருந்தது. சர்மிளா இரண்டு கட்டைகளை அழுத்திப் பார்த்தார். மூன்றாவது உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. "சரி, இது நமக்கு இல்ல" என்று தாள்களைக் கட்டி வைத்தார். எல்லோரும் மறந்துவிட்டோம். இராமநாதன் கட்டை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மலையைத் தாளில் காட்டப் படவரைஞர்கள் ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோட்டால் இணைப்பார்கள். கோடுகள் நெருங்கினால் சரிவு, விலகினால் சமவெளி. இராமநாதன் அந்த ஐந்து குரல்களையும் அப்படியே வரைந்தார். எந்த இடத்தில் குரல்கள் நெருங்கி வலிக்கின்றன என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் தாங்குகிற பகுதிக்கு என்ன செய்வது? கருவி இல்லை. இங்கேதான் பதினொரு வருடம் பின்கதிரையில் இருந்தது அவருக்கு உதவியது. நாங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் நாங்கள் மூச்சு எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் எங்கே எடுக்கிறார், யார் பக்கத்துக்காரர் எடுத்தபிறகு எடுக்கிறார், யார் எடுக்காமல் சமாளித்து முகம் சிவக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த மூச்சு எடுக்கும் இடங்களில் மட்டும் தோற்கருவி அடி விழ வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். குரல் இருக்கும் இடத்தில் அடி இருக்காது. குரல் ஒரு கணம் இல்லாமல் போகும் இடத்தை அடி தாங்கும்.

இதை எழுதும்போது எளிதாகத் தெரிகிறது. நானூறு வருடம் இந்த மாதிரிப் பாட்டுகளைப் பாடியவர்களில் எத்தனை பேருக்கு இது தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அடிப்பதற்கு ஆள் கிடைத்தது இராமநாதன் தண்ணீர்த் தாங்கி வாங்கப் போன இடத்தில். கட்டுகஸ்தோட்டைக் கடைவீதியில் குழாய்ச் சாமான் விற்கும் ஆகிப், தாங்கியின் தடிப்பைக் காட்ட அதன் வயிற்றில் தட்டினார்.

"பாருங்க சேர், சத்தத்திலயே வெளங்குமே. இது பத்து வருஷம் நிக்கும்."

"இன்னொருக்காத் தட்டும்."

தட்டினார்.

"கீழை?"

கீழே தட்டினார்.

"இப்ப அடுத்த தாங்கி."

"வாங்கப் போறது ஒண்டா, கடை முழுக்கவா சேர்?" என்று ஆகிப் கேட்டார். தாங்கி வீட்டுக்கு வந்த அன்றே, ஆகிப் கல்யாண வீடுகளிலும் நபி புகழ் பாடும் மௌலிது சபைகளிலும் றபான் என்னும் வட்டத் தோற்கருவி அடிக்கிறவர் என்பதும் தெரிந்துவிட்டது. தன் வாப்பாவின் பெரிய றபானையும் தன்னுடைய சிறியதையும் தூக்கிக்கொண்டு அவர் சனிக்கிழமை மண்டபத்துக்கு வந்தார்.

முதல் வடிவம் நன்றாக இருக்கவில்லை. அடிகள் அதிகம். பாடுகிறவர்கள் அடியைப் பார்த்துப் பயந்து மூச்சை மாற்றினார்கள். மூச்சு மாறியதும் அடி தப்பான இடத்தில் விழுந்தது. சர்மிளா தாளை மடித்து, "சேர், கோவிக்காதீங்க. பாடுறவங்க கஷ்டம் பாடுறவங்களுக்குத்தான் தெரியும்" என்றார். அது கொஞ்சம் கடுமையான சொல். இராமநாதன் தாளை வாங்கிக்கொண்டு போனார். இரண்டாவது வடிவத்துக்கு ஒரு வருடம். மூன்றாவதில் ஒவ்வொரு குரலையும் நாலைந்து பேரிடம் பிரித்து, ஒருவர் மூச்சு எடுக்க மற்றவர்கள் தாங்கும்படி அமைத்தார். மூன்றாம் பகுதியின் முடிவில் மட்டும் ஐந்து குரல்களும் ஒரே ஒலியில் வந்து நின்று, இருபத்துநாலு பேரும் ஒரேயடியாக மூச்சு எடுப்பார்கள். அந்த இடத்தில் ஆகிப்பின் பெரிய றபான் உடனே பாய்ந்து, ஒரு நிமிடம் தனியாக நின்று, கடைசிப் பகுதிக்குள் எல்லோரையும் இழுத்துப் போக வேண்டும். நடுப்பகுதியில் ஒரு தொய்வு உண்டு. அது இன்றும் உண்டு. ஆனால் அந்த றபான் நுழையும் இடத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. தான் எழுதியதில் அதுதான் தேறியது என்று இராமநாதனும் நினைத்தார்.

நாலாவது வருடம் தை மாதம் சர்மிளா ஒரு செய்தி கொண்டுவந்தார். கொழும்பிலுள்ள ஒரு பெரிய பாடகர் குழு வெளிநாட்டுப் பயணத்துக்குப் புதிய பாட்டுகள் தேடுகிறது. அதன் இயக்குநர் வைகாசிக் கடைசியில் கண்டி நிகழ்ச்சிக்கு வருகிறார். பிடித்தால் எடுத்துக்கொள்வார், அச்சிலும் போடுவார். இராமநாதன் அன்றுதான் தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னார்.

"நாங்கள் இஞ்சை பாடினால் அது என்ர முகத்துக்காகப் பாடுறது. என்னைத் தெரியாத ஆக்கள், நான் இல்லாத இடத்திலை பாடவேணும். ஒருக்காப் போதும்."

ஒரு நாளும் பாடாத மனிதர் கேட்டது அவ்வளவுதான். அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் அதற்காகத்தான் பாடினோம்.

மாசியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஒழுங்கு. ஐந்து மணிக்கு மற்றப் பாட்டுகள், ஆறுக்குப் பிளேன்டீ, அதன்பின் மத்ரிகல். மண்டபத்துக்கு இரண்டு வீடு தள்ளிப் பள்ளிவாசல். சூரியன் மறைந்ததும் மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது பயிற்சியை நிறுத்துவது ஆகிப் வருவதற்கு முன்பிருந்தே மண்டபத்தின் வழக்கம். யாரும் சொல்லி வந்ததில்லை. பாங்கு சொல்லும்போது பாடுவது சரியில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பாட்டு நடுவில் அறுந்து போவது சர்மிளாவுக்குப் பிடிக்காது. அதனால் நேரத்தைக் கணக்குப் பண்ணி, மூன்றாம் பகுதியின் முடிவில் அந்த ஒரே ஒலிக்கு வந்து நிற்கும்படி தொடங்குவார். மாசியிலிருந்து வைகாசி வரை கண்டியில் சூரியன் மறையும் நேரம் ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் மாறுவதில்லை. சில நாள் நாங்கள் முந்தி வந்துவிடுவோம்; அப்போது பேசாமல் காத்திருப்போம். ஆகிப் உள்ளங்கையைப் பெரிய றபானின் தோலில் வைத்து அதன் அதிர்வை அடக்குவார். பாங்கு முடிந்து, அவர் மனதுக்குள் துஆ வேண்டுதலை ஓதிக் கையை எடுக்கும்போது பாட்டு தொடரும்.

நோன்பு மாதத்தில் அந்த இடைவெளி இன்னும் நீண்டது. ஆகிப் பேரீச்சம்பழமும் கஞ்சியும் கொண்டுவருவார்.

"நோன்பு பிடிச்சவர் ஒருத்தர். பழத்துக்குக் கை நீட்டுறது இருபத்துநாலு" என்று பத்மாதேவி சொல்வார்.

"அதுக்குத்தான் டீச்சர் ரெண்டு பெட்டி கொண்டார" என்பார் ஆகிப்.

இப்படி நாலு மாதம். கடைசிப் பகுதியைத் தனியாக எத்தனையோ தடவை பாடினோம். மூன்றாம் பகுதியிலிருந்து நிற்காமல் கடைசிப் பகுதிக்குள் போனது ஒரு தடவைகூட இல்லை. இதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. நிகழ்ச்சிக்கு முதல் நாள் கண்டி மண்டபத்தில் முழு ஒத்திகை வைத்திருந்தோம். அன்று காலை கடுகண்ணாவைக் கணவாயில் மண் சரிந்து வீதி மூடிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஏழு பேர். ஒத்திகை நடக்கவில்லை.

நிகழ்ச்சி சனிக்கிழமை முற்பகல் பதினொரு மணிக்கு. சபையில் நானூறு பேர் இருக்கலாம். கொழும்பு இயக்குநர் மூன்றாம் வரிசையில் இருந்தார். இராமநாதன் வழக்கம்போலக் கடைசி வரிசையில், ஓரக் கதிரையில்.

முதல் பகுதி நன்றாகப் போனது. இரண்டாம் பகுதியின் தொய்வில் கொஞ்சம் தொய்ந்தோம். மூன்றாம் பகுதியில் குரல்கள் ஒன்றையொன்று நெருங்கி, உரசி, ஒவ்வொன்றாக வந்து அந்த ஒரே ஒலியில் நின்றன. ஒலி முடிந்தது. இருபத்துநாலு பேரும் மூச்சு எடுத்தோம். சர்மிளாவின் கைகள் கீழே இறங்கின. ஆகிப் உள்ளங்கையை றபானின் தோலில் வைத்தார்.

அப்படியே நின்றோம்.

அருகில் பள்ளிவாசல் இல்லை. இருந்தாலும் அது பாங்கு நேரம் இல்லை. ஆனால் எங்கள் உடல்களுக்கு அது தெரியவில்லை. நாலு மாதம் அந்த ஒலிக்குப் பிறகு வந்தது எதுவோ அதற்காக அவை காத்திருந்தன. மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. கீழே வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. பிறகு அதுவும் இல்லை. முதலில் சபையில் சின்ன அசைவு. கைதட்டலாமா என்று யாரோ யோசித்திருக்க வேண்டும். பிறகு அந்த அசைவும் அடங்கியது. நானூறு பேரும், தாங்கள் எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே, கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் முகங்கள் அப்படி இருந்திருக்க வேண்டும். இல்லாத ஒன்றை இத்தனை பேர் ஒன்றாகக் கேட்க முடியும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் அது நம்பத்தக்கதாக இருந்திருக்காது. அங்கே நின்றவர்களுக்கு நம்புவதா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. அது நடந்துகொண்டிருந்தது.

சில கணங்களில் சர்மிளாவுக்குப் பிழை தெரிந்துவிட்டது. "தெரிஞ்சிருச்சு. ஆனா கையைத் தூக்க முடியல. தூக்கினா எதையோ மிதிச்ச மாதிரி ஆயிரும்னு தோணுச்சு" என்று பிறகு சொன்னார். ஆகிப் சொன்னது இன்னும் எளிமையானது: "எனக்கு ஒண்டும் கேக்கல்ல. ஆனா அது முடியங்காட்டி கையை எடுக்கேலாம ஈந்திச்சி."

கடைசியில் அவர் கையை எடுத்தார். பாய்ந்து வர வேண்டிய றபான், நோயாளியின் அறைக்குள் வருகிறவரைப்போல வந்தது. கடைசிப் பகுதியை நாங்கள் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பாடியதில்லை. முடிந்தபோது கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது ஆட்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

கொழும்பு இயக்குநர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இராமநாதனிடம் வந்தார். "அந்த மௌனம்! எப்படி நினைச்சீங்க அதை? அதுதான் சேர் இந்தப் பாட்டு. மத்ததெல்லாம் அதுக்கு ஏறிப்போற படி."

"அது நான் எழுதினதில்லை" என்றார் இராமநாதன்.

இயக்குநர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார்.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் பத்மாதேவி, "எவ்வளவு நேரம் அப்பிடி நிண்டிருப்பம்?" என்று கேட்டார்.

"ஒரு நிமிசம் நாப்பத்தொரு செக்கன்."

"அப்ப நீங்கள் மணிக்கூடு பாத்துக்கொண்டா இருந்தனீங்கள்? நாங்கள் அங்கை செத்துக்கொண்டு நிக்கிறம்!"

"பாத்தனான்" என்றார் அவர்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. பாட்டை எடுத்துக்கொள்கிறோம். மூன்று நகரங்களில் பாடுவோம். அந்த மௌனத்தை அதன் இடத்தில், எவ்வளவு நேரம் என்ற அளவோடு குறித்து அனுப்புங்கள். அது இல்லாமல் இந்தப் பாட்டு எங்கள் நிகழ்ச்சிக்குப் பொருந்தாது. அப்படியானால் வேறொன்றைத் தேட வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை சர்மிளா அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். கைதட்டினோம். "ஒரே ஒரு குறி சேர்," என்றார் அவர். "ஒரு அரை வட்டம், நடுவுல ஒரு புள்ளி. பக்கத்துல செக்கன் கணக்கு. உங்க கைக்கு அரை நிமிஷ வேலை."

இராமநாதன் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தார். தன் மார்க்கத்தை நினைத்துத்தான் இராமநாதன் தயங்குகிறார் என்று ஆகிப் எண்ணியிருக்க வேண்டும். அருகில் போய், "போடுங்க சேர். அது ஆர்ட சொத்தும் இல்ல. எங்கட ஆக்களும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"ஓம் தம்பி" என்றார் இராமநாதன். அது சம்மதமா, கேட்டுக்கொண்டேன் என்பதா என்று தெரியவில்லை.

அடுத்த இரண்டு கிழமையும் அவர் அலுவலகம் விட்டு வந்து, முழுப் பாட்டையும் புதிதாக எழுதினார். பதினாறு தாள்கள். அவர் எழுதியதிலேயே மிகத் திருத்தமான பிரதி அதுதான். தபாலில் போடுவதற்கு முன் பத்மாதேவி அதை வாங்கிப் புரட்டினார். பதினோராம் தாளில் மூன்றாம் பகுதி முடிகிறது. ஐந்து குரல்களும் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. அதன்பின் ஒரு நேர்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், இடைவெளி எதுவும் இல்லாமல், றபான் பாய்கிறது. அரை வட்டம் இல்லை. புள்ளி இல்லை.

"இஞ்சேருங்கோ, இதிலை ஒண்டும் போடேல்லையே. மறந்துபோனியளோ?"

"மறக்கேல்லை."

"இப்பிடி அனுப்பினால் அவை பாட மாட்டினம்."

"தெரியும்."

பிறகு சர்மிளாவும் கேட்டார், ஆகிப் கேட்டார், எங்களில் பலர் கேட்டோம். இத்தனை வருடம் அவர் விரும்பியது அந்தக் குறியில்தான் தங்கியிருந்தது என்பதை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர் அவர்தான். நிகழ்ச்சி முடிவில் இயக்குநரிடம் சொன்னதற்கு மேல் ஒருவருக்கும் அவர் காரணம் சொல்லவில்லை. அன்று பத்மாதேவியின் கையிலிருந்து தாள்களை வாங்கி, ஓரங்களைத் தட்டிச் சமப்படுத்தி, உறையில் வைத்து ஒட்டி, கட்டுகஸ்தோட்டைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.